பச்சைக் கை

கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு பெண்சாதி இருக்கிறாளா என்று விசாரித்துச் சொல்வதுதான் ஐறீன் மிஸ்ஸின் தொழில். வெள்ளவத்தையில் ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில், மேசை ஒன்றும் கதிரை மூன்றும் போட்ட கந்தோர். ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மாளுக்கு உதவியாளும் ஓட்டோக்காரனும் ஒருவனே, பெயர் கிளறன்ஸ். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். வாய்க்குப் பூட்டுப் போட மறந்துதான் ஆண்டவர் இவனை அனுப்பிவிட்டார் என்று அவனைப் பெற்றவளே சொல்லுவாள்.

அன்று காலை அவன் கொம்பியூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தது மாப்பிள்ளையை அல்ல, ஒரு கையை. ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருக்கிற சின்னப் படம். விரல் மூட்டின் மடிப்பும் நகத்தின் மினுக்கமும்கூட விடுபடாமல், வலு அழகாகக் கீறியிருந்தது. ஒரேயொரு குறை. இரண்டு கையும் பச்சை.

"மிஸ், இது கை குடுக்கிற மாதிரித் தெரியேல்லை. ரெண்டு வெண்டிக்காய் கலியாணம் முடிக்குது," என்றான் கிளறன்ஸ்.

எதிர்க் கதிரையில் இருந்த பெண் சிரிக்கவில்லை. கொன்ஸ்ரன்ஸ் என்று பெயர், இருபத்து மூன்று வயது, மன்னார்ப் பிள்ளை. கொட்டாஞ்சேனையில் மாக்ரெட் அன்ரி என்ற விதவையின் வீட்டில் வாடகைக்கு இருப்பவள். அழுதுமுடித்த முகத்தை நன்றாகக் கழுவிவிட்டு வந்திருந்தாள். அதுவே ஐறீன் மிஸ்ஸுக்கு அவளைப் பிடித்துப்போகக் காரணமாயிற்று.

அவள் சொன்ன கதை இதுதான். வெள்ளவத்தையில் ஒரு சங்கம் 'வழித்துணை' என்று ஒரு விக்கித் தளம் நடத்துகிறது. விக்கி என்றால் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். பிறப்புச் சான்றிதழுக்கு எந்த யன்னலில் நிற்பது, பொலிஸ் பதிவுக்கு என்னென்ன கொண்டுபோவது, பாஸ்போட்டுக்கு எத்தனை படம் என்று, வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்து திக்குமுக்காடுகிற சனங்களுக்கு அனுபவப்பட்டவர்கள் எழுதி வைக்கிற இடம். விசயம் நல்ல விசயம், முகம்தான் பரிதாபம். மென்பொருளோடு வந்த அதே சாம்பல் நிறம், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து, தேடுகிற பெட்டியையே தேட வேண்டிய நிலை. ஆகவே தளத்தின் தோற்றத்தை மாற்றுகிற 'தீம்' ஒன்றைப் புதிதாகச் செய்வதென்று சங்கம் தீர்மானித்தது. நல்ல தீம் செய்தவருக்கே தளத்தைப் பராமரிக்கிற வேலையும் கிடைக்கும்.

சங்கச் செயலாளர் சுந்தரலிங்கம் ஐயா ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தார். பச்சை ஒரு கட்சி, நீலம் இன்னொரு கட்சி, சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் புலிக்கொடி என்று பொலிஸ் வரும். இவை தவிர எந்த நிறமும் சம்மதம்.

கொன்ஸ்ரன்ஸ் மூன்று மாதம் இருந்து செய்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். வயதானவர்களின் நடுங்குகிற கைக்கும் அகப்படுகிற மாதிரிப் பொத்தான்களை அகலமாக்கினாள். மேலே கை கோர்த்த சின்னத்தைத் தானே கீறினாள். எல்லாவற்றையும் ஒரு சீடியில் போட்டு, சங்கத்தின் கொம்பியூட்டர் அறையைப் பார்க்கிற றேமண்டிடம் கொடுத்தாள். அந்தத் தோற்றத்தைத் தளத்தோடு கோத்துவிடுவது அவன் பொறுப்பு. கோப்புகளைச் சேர்வரில் உரிய இடத்தில் வைத்து, அமைப்பில் ஒரு வரி மாற்றினால் உலகம் முழுக்கப் புது முகம் தெரியும். அவனும் கோத்தான். கோத்த கையோடு, இதைச் செய்தவனே நான்தான் என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டான்.

"நீர் போய்ச் சொல்லேல்லையா?" என்று கேட்டார் ஐறீன் மிஸ்.

"சொன்னனான், அன்ரி. ஐயா என்னட்டை ஒரு கேள்விதான் கேட்டவர். இந்தப் பச்சை நீர் போட்டதா எண்டு. நான் இல்லை எண்டனான். நான் பச்சையே போடேல்லை. கை மனிசக் கை மாதிரித்தான் கீறினனான், பின்னணி சந்தனம்."

அங்கேதான் விழுந்தது அடி. தன்னுடைய வேலை என்கிறவளே அதன் நிறம் தன்னுடையதில்லை என்கிறாள். நெட் கபேயில் முதன்முதல் பார்த்தபோது, களவை மறைக்க றேமண்ட் நிறத்தை மாற்றிவிட்டான் என்றே அவள் நினைத்தாளாம். றேமண்டோ பச்சை தன்னுடையது என்று மார்தட்டினான். கூட்டத்தில் அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டியபோது எழும்பி நின்று, இது கட்சிப் பச்சை இல்லை, சமாதானத்தின் தளிர்ப் பச்சை என்று நீட்டி முழக்கினான். கமிட்டி கைதட்டியது. கோப்புகளின் திகதியைக் காட்டலாமே என்று கிளறன்ஸ் கேட்டான். திகதியை யாரும் மாற்றலாம், அதை நம்பமாட்டோம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"இண்டைக்குப் பின்னேரம் றேமண்டுக்கு நியமனக் கடிதம் குடுக்கினம்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். பிறகு, கேட்கப்படாத ஒன்றுக்குப் பதில் சொல்கிற மாதிரி மெல்லச் சொன்னாள். "பொலிஸ் பதிவிலை, கொழும்பிலை நிக்கிறதுக்குக் காரணம் எண்டு ஒரு கட்டம் இருக்கு, அன்ரி. படிப்பு எண்டு போட்டிருந்தது. அது முடிஞ்சுது. அடுத்த கிழமை வேலைக் கடிதம் காட்டாட்டி மாக்ரெட் அன்ரி என்னை வைச்சிருக்க ஏலாது."

அந்த ஆண்டு நடுப்பகுதியில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்குத் திருப்பி அனுப்பிய கதை யாருக்கும் மறக்கவில்லை. கிளறன்ஸ் பகிடிவிட வாயைத் திறந்தவன், திறந்த வாயைக் கொட்டாவி விட்டு மூடிக்கொண்டான்.

ஐறீன் மிஸ் பச்சைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை கூடாதென்று முன்கூட்டியே அறிவித்த இடத்துக்கு ஒருவர் பச்சையைக் கொண்டுபோவாரா? இரண்டு வகை ஆள்தான் கொண்டுபோகும். ஒன்று முட்டாள். மற்றது, அது பச்சை என்றே தெரியாத ஆள்.

"உமக்குக் கண் சுகமோ, பிள்ளை?"

கொன்ஸ்ரன்ஸ் திகைத்துப்போனாள். ஐறீன் மிஸ் கீழ்த் தையல்கடைக்காரர் மேசையில் வைத்துப்போன பொத்தான் டப்பாவை அவள் முன் கவிழ்த்து, பச்சையை எல்லாம் பொறுக்கச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பாமல் பொறுக்கி வைத்தாள்.

"கண் சுகம். அப்ப கண்ணாடியைப் பாப்பம். கிளறன்ஸ், ஓட்டோவை எடு. கொட்டாஞ்சேனை."

"என்ன கண்ணாடி, மிஸ்?"

"மூண்டு மாசம் இந்தப் பிள்ளை எந்தக் கண்ணாடிக்குள்ளாலை பாத்து வேலை செய்தவவோ, அந்தக் கண்ணாடி."

மாக்ரெட் அன்ரி வாசலிலேயே பிளேன்டீயோடு பிடித்துக்கொண்டார். கொன்ஸ்ரன்ஸின் மேசையில் கொம்பியூட்டர் பெட்டி இருந்தது, மொனிட்டர் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. சீடி கொடுத்த மறுநாளே அது படம் போய் இருண்டுவிட்டதாம். புறக்கோட்டையில் ஷிப்லியின் கடையில் திருத்தக் கொடுத்திருக்கிறதாம். மொனிட்டர் மாக்ரெட் அன்ரியின் சொந்தச் சாமான், எங்கேயோ கழித்துவிட்டதை மலிவாக வாங்கியது.

ஐறீன் மிஸ் மொனிட்டரைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மகன் கனடாவிலோ, பேரப்பிள்ளைகள் எத்தனை, படம் அனுப்புகிறவனோ என்று குடும்பக் கதைக்குப் போய்விட்டார். மாக்ரெட் அன்ரியின் முகம் மலர்ந்தது.

"அனுப்புறவன், மிஸ். இந்தப் பிள்ளைதான் சீடியைப் போட்டுக் காட்டுறது. குஞ்சுகள் ரெண்டுக்கும் கன்னம் எண்டா ஜம்புக்காய் மாதிரி. குளிருக்குச் சிவந்து போய் இருக்குதுகள். எங்கட மகன்கூட, இஞ்ச இருக்கைக்குள்ள கறுவல், இப்ப றோசாப்பூ."

"பனி?"

"பனியும் கொஞ்சம் றோஸாத்தான் கிடந்துது. விடியக்காலைமை எடுத்த படமாக்கும் எண்டு நினைச்சன்."

கிளறன்ஸ் கோப்பையைக் கீழே வைத்தான். றோசா நிறப் பனி. வெள்ளையையே றோசாவாகக் காட்டுகிற மொனிட்டர்.

ஓட்டோவில் ஏறும்போது ஐறீன் மிஸ் விளக்கிச் சொன்னார். பழைய மொனிட்டருக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறம் கலந்துதான் படம் வருகிறது. இதில் பச்சை இளைத்துப் போயிருக்கிறது. பச்சை இளைத்தால் எல்லாம் சிவந்து தெரியும். பாவம், இந்தப் பிள்ளை மனிசக் கை நிறம் வரும்வரை, தனக்கே தெரியாமல் பச்சையைக் கூட்டிக் கூட்டிப் போட்டிருக்கிறாள். மற்றவர்களின் நல்ல மொனிட்டரில் அந்தக் கூட்டிய பச்சை அப்படியே தெரிகிறது.

"தடிமன் பிடிச்சவ உப்புப் பாத்த கறி," என்றான் கிளறன்ஸ். "சமைச்சவவுக்கு அளவு, சாப்பிட வந்தவனுக்குக் கடல்."

கொன்ஸ்ரன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மொனிட்டர் முதல் நாளில் ஒரு மாதிரித்தான் இருந்தது. இரண்டு மூன்று நாளில் கண்ணுக்குப் பழகிவிட்டது என்றாள்.

"அதை மட்டும் திருத்தாமல் இருக்க வேணும்," என்றார் ஐறீன் மிஸ். "இல்லாட்டி எங்களிட்டை ஒண்டுமில்லை."

புறக்கோட்டைச் சந்தடிக்குள் ஷிப்லியின் கடை ஒரு அலுமாரி அளவு. இவர்கள் போன நேரம் அந்த மொனிட்டர் முதுகு திறந்து மேசையில் கிடந்தது. படம் வந்துவிட்டது. ஷிப்லி கையில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்து கொண்டிருந்தான். அடுத்த கணம் கிளறன்ஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

"என்னத்த செய்யப் போறீங்க, நானா?"

"படம் வந்திட்டு. பச்சை கொஞ்சம் கொறவு. அதையும் சும்மாவே சரி பண்ணிக் குடுப்பம்னு," என்றான் ஷிப்லி.

சரி பண்ண வேண்டாம் என்று ஐறீன் மிஸ் சொன்னபோது அவனுக்கு விளங்கவில்லை. பழுதோடு அப்படியே வேண்டும் என்று திரும்பச் சொன்னபோது அவனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்ட கடைக்கு வந்த சாமான் பழுதோட வெளிய போனா என்ட பேர் என்ன ஆகுறது, மிஸ்? நாளைக்கு அடுத்த கடக்காரன் தொறந்து பாத்து, இது ஷிப்லி பாத்த வேலையான்னு சிரிப்பான்."

கெஞ்சிப் பார்த்தார்கள், அசையவில்லை. ஒரு பெண்பிள்ளையின் சீவியம் இந்தப் பழுதில் தொங்குகிறது என்று கொன்ஸ்ரன்ஸ் வாயாலேயே சொன்ன பிறகுதான் இளகினான். அதுவும் ஒரு நிபந்தனையோடு. நாளைக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும், அதுவரை இந்தக் கடைக்கு வந்த சாமான் என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது. பெற்ற பிள்ளையைத் தலைவாராமல் பள்ளிக்கு அனுப்புகிற முகத்தோடு மூடியைப் பூட்டிக் கொடுத்தான்.

மொனிட்டரைப் பெட்சீற்றில் சுற்றி, ஐறீன் மிஸ்ஸும் கொன்ஸ்ரன்ஸும் ஓட்டோவின் பின்னால் மடியில் வைத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் பெட்சீற்றில் சுற்றிய பாரமான சாமான் ஒன்றோடு காலி வீதியில் போவது என்றால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பம்பலப்பிட்டியில் மறித்தார்கள்.

"மே மொக்கத?" இது என்ன என்று சிப்பாய் துவக்கு முனையால் பெட்சீற்றைக் காட்டினான்.

வருத்தக்காரன் சேர், ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிப் போகிறோம் என்று கிளறன்ஸ் சிங்களத்தில் சொல்ல, ஐறீன் மிஸ் பின்னாலிருந்து அவன் விலாவில் கிள்ளினார். சிப்பாய் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடைக்குள் கொண்டுபோய், கரண்டில் மாட்டிக் காட்டச் சொன்னான். மாட்டினார்கள். கடை முழுக்க ஜம்புக்காய் நிறத்தில் வெளிச்சம் பரவியது. சிப்பாய் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இது பழுது, புறக்கோட்டைக்குக் கொண்டுபோனால் நல்ல பாஸ்மார் இருக்கிறார்கள், திருத்துவார்கள் என்று அன்பாகப் புத்தி சொன்னான். பிறகு அடையாள அட்டைகளைக் கேட்டான். மற்ற இரண்டையும் ஒரு பார்வையில் திருப்பிக் கொடுத்தவன், மன்னார் விலாசத்தை மட்டும் இரண்டுதரம் வாசித்தான். கொழும்பில் என்ன செய்கிறாய் என்று கேட்டான். கொன்ஸ்ரன்ஸ் ஐறீன் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். ஐறீன் மிஸ் குறுக்கே புகுந்து, தன்னோடு வந்த பிள்ளை என்றார். "ஹரி, யன்ன," சரி, போங்கள் என்றான் கடைசியில்.

சங்கத்தின் அறையில் கமிட்டி கூடியிருந்தது. சுந்தரலிங்கம் ஐயா நியமனக் கடிதத்துக்குப் பேனாவைத் திறந்திருந்தார். கிளறன்ஸ் மொனிட்டரோடு படியேறி மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது, கூட்டம் நடக்கிறது, பழைய இரும்புக்காரர் பின்பக்கத்தால் வரவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஐறீன் மிஸ்ஸை அங்கே எல்லாருக்கும் தெரியும். கமிட்டியில் பாதிப்பேரின் மருமக்களை அவர்தான் விசாரித்துக் கொடுத்தவர். ஆகவே பேனா மூடப்பட்டது.

றேமண்டின் பளபளக்கிற புது மொனிட்டரைக் கழற்றிவிட்டு, அதே கொம்பியூட்டரில் மாக்ரெட் அன்ரியின் மொனிட்டரை மாட்டினார்கள். 'வழித்துணை' மெல்ல மெல்லத் திறந்தது.

பச்சை இல்லை. பின்னணி அரைத்த சந்தனம். பொத்தான்கள் நல்ல மண்ணிறம். மேலே, கை இரண்டும் மனிசக் கைகள்.

கொன்ஸ்ரன்ஸ் தன்னையறியாமல் முன்னே போய், தன் இடது கையை மொனிட்டரின் கண்ணாடியில் வைத்தாள். அதே மடிப்பு, அதே நகம், அதே நிறம். சின்ன விரலின் மேல் கணுவில் இருந்த தழும்புகூடப் படத்தில் இருந்தது. பச்சையாக இருந்தபோது அதை யாரும் கவனித்திருக்கவில்லை.

கிளறன்ஸ் வெற்றிப் புன்னகையோடு றேமண்டைப் பார்த்தான். றேமண்ட் தலையைக் குனிந்திருந்தான். ஆனால் சுந்தரலிங்கம் ஐயா மொனிட்டரின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"இது எங்கட சாமான் அல்லோ. பின்னாலை சங்கத்தின்ரை ஸ்டிக்கர் கிடக்கு. பழசுகளைக் கழிச்சு வித்தபோது போனது."

கிளறன்ஸின் புன்னகை வாயிலேயே நின்றுபோயிற்று. இவ்வளவு தூரம் கட்டிப்பிடித்துச் சுமந்து வந்தவன் அதன் முதுகை ஒருதரம் பார்த்திருக்கவில்லை. றேமண்ட் நிமிர்ந்தான். தண்ணீருக்குள் இருந்தவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி இருந்தது அவன் முகம்.

"ஓம் ஐயா. இதிலை இருந்துதான் நான் செய்தனான். விக்கிறதுக்கு முதல். அந்தத் தழும்பு சும்மா ஒரு கோடு. அதுக்கு ஏத்த கை ஆருக்கும் இருக்கும்."

கமிட்டி சலசலத்தது. கொன்ஸ்ரன்ஸ் கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிட்டாள். கிளறன்ஸ் ஐறீன் மிஸ்ஸைப் பார்த்தான். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஆறுதலாக உட்கார்ந்தார்.

"அப்ப தம்பி, நீங்க இதிலை கீறினபோது கை என்ன நிறம்?"

"இந்த நிறம்தான். மனிசக் கை நிறம்."

"பச்சை இல்லை?"

"இதிலை எங்கை பச்சை தெரியுது, மிஸ்?" என்றான் றேமண்ட் சிரித்துக்கொண்டு.

"நல்லது. போன கூட்டத்திலை இதே கை பெரிய திரையிலை பச்சையா வந்து நிண்டது. மண்ணிறக் கை கீறின மனிசன் பச்சைக் கையைக் கண்டால் என்ன செய்வான்? ஐயோ, நிறம் பிழைச்சுப் போச்சு எண்டு எழும்புவான். நீங்க எழும்பிச் சமாதானத்தைப் பற்றிக் கதைச்சனீங்க."

றேமண்டின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அந்தப் பச்சையைக் கண்டு திடுக்கிட்ட ஆள் ஒண்டே ஒண்டுதான்," என்றார் ஐறீன் மிஸ். "என்னுடைய வேலைதான், ஆனா நிறம் என்னுடையதில்லை எண்டு ஓடிவந்து சொன்ன ஆள். நீங்க அதைத்தான் பொய் எண்டனீங்க, ஐயா."

சுந்தரலிங்கம் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தளிர்ப் பச்சைக்குக் கைதட்டியவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். தன்னுடைய பதிவும் முடிகிறது, இந்த அறை வேலை தற்காலிகம் என்று பொலிஸ் ஏற்காது, தனக்கும் ஒரு கடிதம் தேவைப்பட்டது என்று றேமண்ட் தரையைப் பார்த்துச் சொன்னான். திருகோணமலைப் பொடியன் அவன். அதைக் கேட்டபிறகு அவனை அங்கே ஒருவரும் ஏசவில்லை. கொம்பியூட்டர் அறை வேலை அவனுக்கு இருக்கட்டும், ஆனால் இந்தப் பிள்ளையிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்த்தார் செயலாளர். கேட்டான். நிறங்களை நல்ல மொனிட்டரில் திருத்திக் கோக்கும்போது பக்கத்தில் இருக்கும்படி கொன்ஸ்ரன்ஸ் அவனிடம் சொன்னாள்.

பிறகு கடிதத்துக்கு வந்தார்கள். பெயரை வெட்டி எழுதினால் பொலிஸ் சந்தேகப்படும் என்று புதிதாகவே அடித்தார்கள். பதவிக்கு என்ன பெயர் போடுவது என்பதில் கமிட்டிக்குள் வாக்குவாதம் கிளம்பியது. வடிவமைப்பாளர் என்றார் ஒருவர், தள நிர்வாகி என்றார் இன்னொருவர். முகாமையாளர் என்றால் பொலிஸ் மரியாதை கொடுக்கும் என்றார் மூன்றாமவர்.

"பதவி என்ன எண்டாலும் போடுங்கோ, ஐயா," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "நிரந்தரம் எண்டு மட்டும் போடுங்கோ."

சுந்தரலிங்கம் ஐயா போட்டார். கையெழுத்து வைத்து, சங்க முத்திரையை அழுத்திக் குத்தி, மை காய ஊதி நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கி, நின்ற நிலையிலேயே முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். பிறகு தயங்கினாள்.

"இன்னொரு கொப்பி தருவீங்களோ, ஐயா? பொலிசிலை குடுத்தா திரும்பித் தரமாட்டினம். றோட்டிலை மறிச்சாலும் காட்ட ஒண்டு வேணும்."

செயலாளர் பிரதியெடுக்கிற இயந்திரத்தடியில் நின்ற றேமண்டைப் பார்த்தார். எத்தனை என்று அவன் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. தட்டிலிருந்த தாள் முடிகிற மட்டும் அவன் அடித்துக்கொண்டே இருந்தான்.